சிவப்புக் குழாயும் கோலநிலாவும்

லிங்கராஜபுரம், பெங்களூர்
ஆவணி மாதம், 1999

பொம்மனஹள்ளிக்கு வாழப் போன நாளிலிருந்து அந்தப் பேட்டையின் மதிப்பையே ஒரு முழம் உயர்த்தியவளும், ஓசூர் ரோட்டுக் கம்ப்யூட்டர்களையெல்லாம் ஒற்றை விரலால் ஆட்டி வைப்பவளும், என் அக்காள் பாகீரதியின் ஒரே புதல்வியுமான சௌபாக்கியவதி கிருத்திகாவுக்கு, லிங்கராஜபுரம் கவிச்சிங்கம் என்று ஒரு காலத்தில் ஊரார் அழைத்த, இப்போது யாரும் எதற்காகவும் அழைக்காத, உன் தாய்மாமன் கணேசமூர்த்தி கைகட்டி நின்று எழுதிக்கொண்டது. இங்கே என் மானத்தைத் தவிர மற்ற அனைவரும் சுகம். உன் அத்தை மரகதம் என்னைத் திட்டித் திட்டி முன்னைவிட ஆரோக்கியமாக இருக்கிறாள். அங்கே உன் கணவர் சுனில், உன் மாமியார், முக்கியமாக உன் மாமனார் சந்திரசேகரன் அவர்கள் எல்லோரும் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. வழிதான் இல்லை.

ஏன், போன் இல்லையா என்று கேட்பாய். இருக்கிறது. ஆனால் உன் வீட்டுப் போனை உன் மாமனார்தான் எடுக்கிறார். அவர் குரலைக் கேட்டதும் எனக்கு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது, இமயமலையே ஏறி என் நெஞ்சில் உட்காருகிறது, உடனே நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு கன்னடத்தில் "ராங் நம்பர் சார்" என்று வைத்துவிடுகிறேன். போன் பண்ணியவனே ராங் நம்பர் என்று சொல்வது இந்தப் பட்டணத்தின் தொலைபேசிச் சரித்திரத்தில் இதுதான் முதல் தடவையாக இருக்கும். இப்படியே ஒரு வாரம் ஓட்டினேன். போன ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மூக்கைப் பிடித்தேன். அவர் மெதுவாக, "பரவாயில்லீங்க சம்பந்தி, கிருத்திகா கடைக்குப் போயிருக்கு, சாயங்காலம் பண்ணுங்க, ஜலதோஷத்துக்கு மிளகு கஷாயம் குடிங்க" என்றார். ரிசீவரை வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தவன்தான். மரகதம் வந்து, "என்ன, நிலா மறுபடியும் ஒளிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள். அவள் கேட்டதன் அர்த்தம் கீழே வருகிறது.

நீ உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பியது என் காதுக்கு வந்து சேர்ந்தது. மாமா உட்கார்ந்து அந்த ரெண்டு பாட்டையும் ஒழுங்கா, நேர்மையா ஒப்பிட்டு எழுதணும், அதை எங்க மாமனார் படிக்கணும், படிச்சு அவர் மனசு விட்டுச் சிரிக்கணும், அதுவரைக்கும் தலைதீபாவளிக்கு அந்தப் பக்கம் வர மாட்டேன் என்றாயாமே. உன் அம்மா இப்போதே வாங்கி வைத்த பட்டு வேஷ்டியை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அதற்குப் பயந்து நான் அந்தத் தெருவழியாகக் கறிகாய் வாங்கப் போவதையே விட்டுவிட்டேன். தலைதீபாவளிக்குப் பெண் வராத வீடு என்று அவளை நாலு பேர் கேட்டால் அந்தப் பாவம் யாருக்கு? எனக்குத்தான். ஆகையால் எழுதுகிறேன். உன் மாமனாரும் படிக்கப் போகிறார் என்பதால், உங்கள் இருவருக்கும் தெரிந்த கதையையே குற்றப்பத்திரிகைபோல முதலிலிருந்து வைக்கிறேன்.

நம் ஆட்களுடைய கல்யாணத்தில் தாலிக்கு அடுத்தபடி வாழ்த்து மடல்தான். அதைச் சட்டம் போட்டு, ஓரத்தில் ரோஜாப்பூ வரைந்து, மைக்கில் முழங்கி, மணமக்கள் கையில் கொடுத்து போட்டோ எடுத்தால்தான் கல்யாணம் நடந்ததாக அர்த்தம். இந்தக் கைங்கரியத்தை லிங்கராஜபுரத்தில் இத்தனை காலமாக அடியேன்தான் செய்துவருகிறேன். உன் கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், ரிசப்ஷனில், கல்யாணச் சௌல்ட்ரி மேடையில் ஏறி நான் முழங்கியது இது:

நீலவான் வீதியிலே நித்தம் உலாவருவாள்
கோலநிலா, கிருத்திகாவின் முகம்கண்டு நாணி
மேலைமுகில் போர்வைக்குள் மேனிமறைத் தாளே;
சோலைமயில் நடைபயில நின்வாசல் வருமே.

இப்படியே இன்னும் ஏழெட்டுச் சரணம், அன்னம், அகில், ஆழ்கடல் முத்து, இமயத்து உச்சி எல்லாம் வந்து, வாழியவே வாழியவே என்று முடியும். நான் முழங்கிக்கொண்டிருந்தபோது சபையில் ஒரு பக்கம் பாயசம் தீர்ந்துவிடுமா என்ற விசாரம், இன்னொரு பக்கம் யாரோ கன்டோன்மென்ட்டில் வீடு பார்த்த கதை. அது எனக்குப் பழக்கம்தான். மகாகவிகளுக்கு எப்போதும் அப்படித்தான் என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

அடுத்து, மாப்பிள்ளை வீட்டார் சார்பாக உன் மாமனார் எழுந்தார். பெங்களூரிலேயே பிறந்து, கன்னடத்திலேயே படித்து, தமிழைப் பேச மட்டும் தெரிந்த மனிதர். உனக்காக அந்த வயதில் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டு எழுதியது என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சட்டையின் மேல் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். சட்டம் இல்லை, ரோஜா இல்லை. படித்தார். நீ அனுப்பிய ஜெராக்ஸைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன்:

மகளே,
எங்கள் வீட்டுக் குளியலறையில்
சிவப்புக் குழாயில் பச்சைத் தண்ணீர் வரும்.
நீலக் குழாயில் சுடுதண்ணீர் வரும்.
பிளம்பர் செய்த தப்பு. நாங்கள் பழகிவிட்டோம்.
நீ முதல் நாள் கையைச் சுட்டுக்கொள்ளாதே.

வாசல் கதவு சொல்ப இறுகும்.
மழைக் காலத்தில் இரண்டு கையாலும் தள்ள வேண்டும்.
நீ ஆபீஸ் முடிந்து எந்நேரம் வந்தாலும்
உள்ளிருந்து நான் இழுக்கிறேன்.
வெளியிலிருந்து நீ தள்ளு.

அவ்வளவுதான். அவர் உட்காரப் போனார். அப்போதுதான் நான் அந்த மைக்கைப் பிடுங்கினேன். "சபையோர்களே, ஒரே பொருளில் இரண்டு பாட்டு. ஒப்பிட்டுப் பார்ப்பது நம் கடமை. ஒன்றிலே வான்மதி, இன்னொன்றிலே வாட்டர் பைப். இது வாழ்த்துப் பாட்டா, இல்லை வீட்டு ஓனரு வாடகைக்கு வர்றவங்க கிட்ட சொல்ற கண்டிஷனா? சம்பந்தி, கரண்ட் பில் யாரு கட்டணும்ன்றதையும் ரெண்டு வரில எழுதியிருக்கலாமே. 'சொல்ப' சீக்கிரமா முடிச்சிட்டீங்க" என்று, கொஞ்சம் என்பதற்கு அவர் போட்ட கன்னட வார்த்தையையும் விடாமல் பிடித்துக்கொண்டேன். சௌல்ட்ரியின் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி சிரிப்பு. பந்தியில் இருந்தவர்கள் எச்சில் கையோடு எட்டிப் பார்த்தார்கள். உன் மாமனாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே காகிதத்தை மடித்தார். மேல் பையிலிருந்து எடுத்த காகிதத்தைப் பேன்ட் பைக்குள் பஸ் டிக்கெட்டைப்போல் திணித்தார். அதை நான் பார்த்தேன். பார்த்தும் அடுத்த ஜோக்குக்குப் போனேன்.

அன்றைக்கே எனக்கு முதல் அடி விழுந்தது. பீடாத் தட்டுப் பக்கம் நின்றபோது நம் எதிர்வீட்டு ஜோசஃபின் அக்கா என் தோளைத் தட்டி, "மூர்த்தி, எங்க வீட்டு சோனியா ரிசப்ஷன்ல ஒளிஞ்சுதே, அதே நிலாதானே இது? இன்னுமா வெளிய வரல?" என்றார்கள். நான் வெற்றிலையை விழுங்கிவிட்டேன்.

இரண்டாவது அடி நீ கொடுத்தது. துவைக்கப் போட்ட பேன்ட்டில் அந்தக் காகிதம் கிடைத்த அன்று போன் பண்ணினாயே. கத்துவாய் என்று நினைத்தேன். கத்தவில்லை. "நீங்க பேசினதுகூட எனக்குப் பரவாயில்ல மாமா. சின்ன வயசுலேர்ந்து நீங்க வாயத் தொறந்தாலே சிரிச்சுப் பழக்கம். அன்னிக்கு மாலையும் கழுத்துமா நின்னுகிட்டு நானும் சிரிச்சேன். அதுதான் எனக்கு ஆறல" என்றாய். மூன்று உலகங்களும் இடிந்து என் தலையில் விழுந்தால்கூட இவ்வளவு வலிக்காது என்று எழுதலாம். ஆனால் மிகையாக எழுதக் கூடாது என்று சபதம் எடுத்திருக்கிறேன். ஆகவே, வலித்தது என்று மட்டும் எழுதுகிறேன்.

இனி ஒப்பிடுகிறேன். இந்தத் தடவை மைக் இல்லை, சபை இல்லை, மரகதம் மட்டும் எதிரே உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறாள். நான் எங்கேயாவது நழுவினால் கத்தியை நிறுத்திவிட்டுப் பார்க்கிறாள்.

இரண்டு பாட்டுக்கும் பொருள் ஒன்றுதான். ஒரு பெண் தெரியாத ஒரு வீட்டுக்குள் காலெடுத்து வைக்கப் போகிறாள். என் பாட்டில் அந்தப் பெண்ணை நிலா பார்க்கிறது, மயில் பார்க்கிறது, இமயமலை எட்டிப் பார்க்கிறது. ஆனால் அந்தப் பெண் யார்? அந்த இடத்தில் உன் பெயர் இருந்தது, ஒப்புக்கொள்கிறேன். அதற்கு முன்னால் அங்கே சோனியாவின் பெயர் இருந்தது. அதற்கு முன்னால் யார் யாரோ. அத்தனை பெண்களையும் பார்த்து நாணி அத்தனை தடவை முகிலுக்குள் போன நிலா, நியாயமாகப் பார்த்தால், லிங்கராஜபுரத்துக்கு மேலே தலைகாட்டியே இருக்கக் கூடாது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், மரகதம் கத்தியை நிறுத்திவிட்டாள். கோவிந்தப்பா மாவு மில் திறந்தபோதும் இதே பாட்டுத்தான். "அரவைமில்லின் முகம்கண்டு நாணி" என்று படித்தேன். அவர் கன்னடக்காரர், பாவம், கண் கலங்கிக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அந்த மடல் இன்னும் மிளகாய் அரைக்கிற இயந்திரத்துக்கு மேலே தொங்குகிறது.

இந்தப் பாட்டை முதன்முதலில் எழுதியது உன் அத்தைக்காக. அப்போதாவது அது நிஜம் என்று சொல்லித் தப்பிக்கலாம் என்று பார்த்தேன். அவள் அவரைக்காயிலிருந்து தலையைத் தூக்காமலே, "எனக்கு எழுதினப்ப அதுல நிலா ஏது? சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல நான் கொடை மறந்துட்டு நனைஞ்சுகிட்டு நின்னதுதான் இருந்துச்சு. ஊருக்கெல்லாம் படிக்கணும்னு கொடையை எடுத்துட்டு நிலாவை ஒட்டினது நீங்கதானே" என்றாள். இதற்குமேல் என் பாட்டைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது. நல்ல பாட்டு ஒன்று என்னிடமும் இருந்திருக்கிறது. நான்தான் அதைத் திருத்திக் கெடுத்துவிட்டேன்.

உன் மாமனார் பாட்டுக்கு வருகிறேன். அதில் உவமை ஒன்றுகூட இல்லை என்று அன்றைக்குச் சிரித்தேன். தேடிப் பார்த்தேன், இப்போதும் இல்லை. குழாய் குழாயாகவே இருக்கிறது, கதவு கதவாகவே இருக்கிறது. என் பாட்டு முழுக்க உன் முகத்தைப் புகழ்கிறது. அவர் பாட்டு உன் கை சுட்டுவிடுமே என்று பயப்படுகிறது. முகத்தைப் புகழ யாராலும் முடியும், அதற்கு உன்னைத் தெரிந்திருக்க வேண்டியதுகூட இல்லை. என் பாட்டின் அடியில் என் பெயர் பூசணிக்காய் அளவுக்கு, பட்டத்தோடும் விலாசத்தோடும் இருக்கிறது. அவர் பெயரே போடவில்லை. வாழ்க என்று ஒரு வார்த்தைகூட இல்லையே என்றும் கேலி செய்தேன். நீ எந்நேரம் வந்தாலும் கதவுக்குப் பின்னால் நான் நிற்பேன் என்று சொல்லிவிட்ட மனுஷர் அதற்குமேல் வாழ்க என்று வேறு சொல்ல வேண்டுமா?

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. எழுதக் கை வரவில்லை. அன்றைக்கு நான் ஏன் மைக்கைப் பிடுங்கினேன் தெரியுமா? அந்தப் பாட்டு மட்டமாக இருந்ததனால் இல்லை. அவர் படித்தபோது சௌல்ட்ரி முழுக்க அமைதியாகிவிட்டது. சாம்பார் வாளியோடு போன ஆள் கரண்டியைத் தூக்கியபடி நின்றுவிட்டான். இத்தனை காலமும் நான் தொண்டை கிழியக் கத்தியும் ஒரு நாளும் கிடைக்காத அமைதி அது. என்னால் தாங்க முடியவில்லை. அதனால் கெடுத்தேன். மரகதம் இப்போது கத்தியைக் கீழேயே வைத்துவிட்டாள்.

போன வாரம் நேரிலேயே மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று பஸ் மாறி மாறிப் பொம்மனஹள்ளி வந்தேன். உன் வீட்டைப் பார்த்ததும் தைரியம் போய்விட்டது. தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு எதிரே இளநீர் வண்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டேன். இளநீர்க்காரர், "ஏன் சார், அந்த வீட்ல யாரு, சிஐடியா?" என்று கேட்டார். "என் அக்கா பொண்ணு" என்றேன். "அதுக்கா ஒளியறீங்க" என்று அவர் என்னையே உற்றுப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். அப்போது நீ ஆட்டோவிலிருந்து இறங்கினாய். தூறல். கதவில் கை வைத்தாய். உள்ளேயிருந்து, "இரும்மா, இழுக்கிறேன், இப்ப தள்ளு" என்று சத்தம். "தள்றேன் மாமா" என்றாய். கதவு ஒரு முனகல் முனகித் திறந்தது. நீ உள்ளே போய்விட்டாய். அந்தப் பாட்டை எழுதியவர் தினமும் அதைப் படிக்கிறார், நீதான் தினமும் கேட்கிறாய். இரண்டு இளநீர் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

ஆகவே தீர்ப்பு: கவிச்சிங்கம் தோற்றது. இனி என் ஆயுள் உள்ளவரை அந்த நிலாவை எந்த மேடையிலும் ஏற்ற மாட்டேன், அடுத்தவர் பாட்டைப் பற்றி மைக்கில் வாய் திறக்க மாட்டேன், உன் அத்தை தலைமேல் சத்தியம். அவள் வேண்டாம் என்பதால் என் தலைமேல் சத்தியம். சம்பந்தி அவர்களிடம் இந்தக் கடிதத்தை முழுசாகக் கொடு. அவர் சிரித்தாரா என்று ஒரு வரி எழுது. நீயும் சுனிலும் பதினாறு பேறும், அதில் ஒன்றாக நல்ல பிளம்பரும் பெற்று நீடூழி வாழ வேண்டும். உன் மாமியாருக்கு என் வணக்கம். உன் கைக்கு என் முத்தம்.

வெட்கத்துடன்,
கணேசமூர்த்தி
(பட்டம் துறந்தவன்)

பின்குறிப்பு: இதை மட்டும் கிழித்துவிட்டு மீதியை உன் மாமனாரிடம் கொடு. மேலே உள்ளதை எழுதி, உன் ஜெராக்ஸோடு சேர்த்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தபாலில் போடலாம் என்று கிளம்பினேன். வழியில் நம் பேட்டை வெங்கடராமன் பிடித்துக்கொண்டார். அவர் மகள் சௌம்யாவுக்கு அன்றைக்கு ரிசப்ஷன். மேடையில் ஏற்றி மைக்கைக் கையில் கொடுத்துவிட்டார்கள். நிலாவைப் படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவன் என்னம்மா செய்வான்? பையில் இருந்தது உன் மாமனார் பாட்டு ஒன்றுதான். அதில் பெயர் மாற்ற வேண்டிய சிரமம்கூட இல்லை, மகளே என்றுதான் இருக்கிறது. படித்தேன். கிருத்திகா, அந்த அமைதி எனக்கும் கிடைத்தது. வெங்கடராமன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூர்த்தி, இதுவும் நீ எழுதினதா?" என்று கேட்டார். என் தலை என்னைக் கேட்காமலே ஆடிவிட்டது.

மறுநாள்தான் வினை. மாப்பிள்ளை வீட்டில் விசாரித்துத்தான் மூர்த்தி மாமா எழுதியிருக்கிறார் என்று அந்தப் பெண் நம்பிவிட்டது. விவேக் நகரில் அந்த வீட்டுப் பிளம்பர் ஒரு தப்பும் செய்யவில்லை. சிவப்புக் குழாயைத் தைரியமாகத் திறந்து கையை நீட்டியிருக்கிறாள். பெரிதாக ஒன்றும் இல்லை, கொஞ்சம் சிவந்ததோடு சரி. அப்புறம் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, வாசல் கதவை இரண்டு கையாலும் தள்ளியிருக்கிறாள். அது லேசான கதவாம். போன வேகத்தில் கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் மடியில் போய் விழுந்திருக்கிறாள். அந்தம்மா, "எங்க வீட்டுக் கதவு இறுகுதுன்னு மைக்குல சொன்ன அந்த ஆளு யாரு?" என்று கேட்டு அனுப்பியிருக்கிறார்கள். வெங்கடராமன் காலையிலிருந்து குடையோடு என் வீட்டு வாசலில் நிற்கிறார். மழை இல்லை. மரகதம் அவருக்கு நாற்காலி போட்டுக் காபி கொடுக்கிறாள்.

பின்வாசல் வழியாக வந்துவிட்டேன். தபாலில் போட நேரம் இல்லாததால் இதை நானே கொண்டுவந்து, இந்தக் கடைசி வரிகளை உன் வீட்டு வாசற்படியில் நின்றுகொண்டு எழுதுகிறேன். கதவுக்கு அடியில் தள்ளப் போகிறேன். நீ ஆபீஸிலிருந்து வரும் நேரம் இன்னும் ஆகவில்லை. ஆகையால் அந்தப் பக்கம் இதை எடுத்துப் படிப்பது, கிழிக்கச் சொன்ன பகுதியையும் சேர்த்து, அவராகத்தான் இருக்கும். அப்படியானால், சம்பந்தி, வணக்கம். இங்கே நிஜமாகவே மழை பிடித்துக்கொண்டது. நீங்கள் இதைப் படிக்கிறபோது நான் இரண்டு கையாலும் தள்ளிக்கொண்டிருப்பேன். கொஞ்சம் இழுங்கள்.